மாப்பிள்ளை இடம் காலி

கொட்டகலை பஜாரில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் 'மணவறை திருமண சேவை நிலையம்' ஆவணி பிறந்ததிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், ஜாதகக் குறிப்பை நீட்டுவார்கள். நிலையத்தின் உரிமையாளர் நல்லமுத்து ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைத் தட்டுவார். பெண்ணுக்குப் பொருந்தும் நட்சத்திரங்களை வரிசையாகக் குறிப்பார், விருப்பமான ஊர்களைக் குறிப்பார், 'தேடு' என்ற இடத்தில் அமுக்குவார். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே பதில் வரும்: 'பொருந்தும் வரன் இல்லை.'

ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் ஜாதகத்தின் மேல் பழியைப் போடலாம். இரண்டு பெண்ணுக்கு வந்தால் நேரம் சரியில்லை என்று சமாளிக்கலாம். வருகிற பெண்ணுக்கெல்லாம் இதே பதில் என்றால் என்ன செய்வது? இதில் வேடிக்கை, மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் கேட்டால் அதே கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகப் பெண்களை அள்ளிக் கொட்டியது. ஆண்கள்தான் ஒருவர்கூட இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் கல்யாண வயதில் ஆண்பிள்ளையே கிடையாது என்று ஒரு பெட்டி சொல்கிறது, அதையும் நம்பிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாப் பயலும் கொழும்புக்கும் கட்டாருக்கும் போயிட்டானுங்க. நா என்னா மண்ணுல புடிச்சு வச்சா தர்றது?" என்று வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தார்.

நல்லமுத்து தலை நரைக்கும்வரை தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்தவர். ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில், கொட்டுகிற மழையிலும், மலை அதிர ஆள் பெயர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பெயர் கூப்பிட்டதும் 'வந்திருக்கேங்கய்யா' என்று பதில் வரவேண்டும். பதில் வராத பெயரை இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார். அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். எந்த லயத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன முறை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வு பெற்றதும் அந்த ஞாபகத்தையே தொழிலாக்கித் தரகர் ஆனார். தொழில் பெருத்ததும் கம்ப்யூட்டர் வாங்கினார். அங்கேதான் சனி பிடித்தது.

புரோகிராம் எழுதிக் கொடுக்க வட்டகொடையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்லமுத்துவின் மகள் லோஜினி, பழைய நோட்டுகளில் இருந்த வரன்களையெல்லாம் அதில் ஏற்றினாள். பையன் 'சோதனை பண்ணிப் பாக்கணும்' என்று அடிக்கடி வந்தான். நல்லமுத்து அவனுக்குப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, எவ்வளவு பொறுப்பான பையன் என்று மெச்சிக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஜோடி பார்க்கிற கண்ணுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியவில்லை. ஆனி மாதக் கடைசியில் லோஜினி அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லிவிட்டு, அவனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வட்டகொடைக்குப் போய்விட்டாள். பையன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வேறு. பெயர் ஜெரோமி. நாம் சொல்லலாம், நமக்கென்ன தடை.

தடை நல்லமுத்துவுக்குத்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. சாதாரண நேரத்தில் 'அந்தப் பய', கோபம் வந்தால் 'வட்டகொடையான்', கோபம் தலைக்கேறினால் வெறும் 'அது'. மருமகன் பெயர் என்ன என்று யாராவது விசாரித்தால் வெளியே பார்த்துக்கொண்டு இருமுவார்.

அவர் மனைவி ராசம்மாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் புருசன் பெயரைச் சொன்னதில்லை. ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது, 'நல்ல' என்று வாயால் சொல்லிவிட்டு மூக்குத்தியில் இருந்த முத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த மனிதர் 'நல்லமூக்கன்' என்று எழுதிக்கொண்டு போனார்.

"நா ஒங்க பேரச் சொல்லாதது மரியாதைக்கு. நீங்க மாப்பிள்ள பேரச் சொல்லாம இருக்கீங்களே, அவரு என்ன ஒங்களுக்குத் தாலி கட்டுனவரா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளன்னு இன்னொரு வாட்டி சொன்னே, சோத்துத் தட்டத் தூக்கி வீசிருவேன்."

வீசவில்லை. சொன்னாரே ஒழிய, சாப்பிட உட்கார்ந்தால் அவர் கண் மகளுடைய தட்டைத் தேடியது. லோஜினியைப் பார்க்காமல் அந்த மனிதருக்கு உயிர் பாதி போயிருந்தது. வரச் சொல்ல வேண்டுமென்றால் அவனையும் சேர்த்து வரச் சொல்ல வேண்டும்; அவனை வரச் சொல்வதென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு பெயர் தொண்டைக்கு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் முள்ளாக நின்றது.

அவள் போன மறுநாளே இன்னொரு தலைவலி வந்தது. நல்லமுத்து தன் மகளையும் வரன் பட்டியலில் படத்தோடு ஏற்றி வைத்திருந்தார். அவளைக் கேட்டுப் போன் மேல் போன். ஒவ்வொருவருக்கும் என்ன பதில் சொல்வது? பொறுக்கமாட்டாமல் கம்ப்யூட்டரில் அவள் படத்திலிருந்தே 'முடிந்தவை' என்ற பக்கத்தைத் திறந்தார்; பெண் என்ற இடத்தில் லோஜினி என்று தானாகவே வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை என்ற இடம் திறந்து கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். ஒன்றும் அடிக்காமல் 'சேமி' என்பதை அமுக்கிவிட்டு எழுந்து போனார்.

அடுத்து ஆடி மாதம். ஆடியில் யார் வரன் தேடுகிறார்கள்? நிலையம் ஈயடித்தது. ஆவணி பிறந்து முதல் பெண் வீட்டார் படியேறியபோதுதான் சிவப்பு எழுத்து பல்லைக் காட்டியது. பழைய நோட்டுகளைத் தேடினால் அவற்றை எப்போதோ கீழே புடவைக் கடைக்குப் பக்கத்து வடைக் கடைக்கு, வடை சுற்றக் கொடுத்தாயிற்று. போன வாரம்கூட ஓர் உளுந்து வடை, பூராட நட்சத்திரத்து டிரைவர் ஒருவரின் குறிப்பில் சுற்றி வந்தது. நல்லமுத்து எண்ணெயைத் துடைத்துப் படித்துப் பார்த்தார். போன் நம்பர் இருந்த மூலை கிழிந்திருந்தது.

"அது போறப்ப எதையோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கு" என்று அவர் முடிவு கட்டினார். அது என்றால் யார் என்று ராசம்மாவுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் உடப்புசல்லாவையிலிருந்து வீரய்யா மறுபடியும் வந்தார். ஒரு காலத்தில் நல்லமுத்துவின் பெரட்டில் நின்றவர். மகள் ஷாமிலா டீச்சர் வேலை பார்க்கிறாள். நுவரெலியாவில் இறங்கி, பஸ் மாறி, குடையை மடக்கி மடக்கி அவர் வருவதும் வெறுங்கையோடு போவதும் வாடிக்கையாகிவிட்டது.

"கண்டாக்கய்யா மேல உள்ள மரியாதையில வந்துட்டுப் போறேன். இன்னைக்கு ஒரு பையன் பேரு கெடைக்கலன்னா நேரா ஹட்டன் தரகர்கிட்ட போயிருவேங்க. அப்பறம் எங்க பக்கத்து ஆளுங்க யாரும் இங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை பிளேன்டீ குடிப்பதாகக் கீழே வடைக் கடைக்கு இறங்கினார்.

நல்லமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போது ராசம்மா, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "கம்ப்யூட்டர் பாக்க ஒரு ஆள வரச் சொல்லிருக்கேன்" என்றாள்.

"யாரு?"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. குளிருக்குக் கம்பளிக் குல்லா, நனைந்த ரெயின்கோட்டு, தோளில் பை. ஜெரோமி வாசலில் நின்றான்.

நல்லமுத்துவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவைக் காட்டிக் கத்த வாயைத் திறந்தவருக்குக் கீழே வீரய்யா உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "வந்தவன சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லு."

"கழட்டிட்டேங்கய்யா" என்றான் ஜெரோமி.

"நா அவன்கிட்ட பேசலன்னு சொல்லு."

"ஒங்ககிட்ட பேசலயாம் தம்பி" என்றாள் ராசம்மா, இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு.

அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். ஷாமிலாவுக்குப் பொருந்தும் நட்சத்திரப் பட்டியலைக் கொடுத்துத் தேடினான். வரன் இல்லை. நட்சத்திரப் பெயர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவன் 'ரோகிணி'யில் நின்றான்.

"இந்த 'ரோ'வ யாரு அடிச்சது?"

"ரோ ரோதான். யார் அடிச்சா என்னவாம்னு கேளு."

"கண்ணுக்கு ஒண்ணுதாங்க. லோஜினி அடிக்கிறப்ப கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியா அடிப்பா. இங்க கொம்பத் தனியா, காலத் தனியா அடிச்சு ஒட்ட வச்சிருக்கு. கம்ப்யூட்டருக்கு இது வேற, அது வேற. ரோகிணின்னு கேட்டா இந்த ரோகிணி அதுக்குத் தெரியாது."

கொம்பையும் காலையும் தனித்தனியே தேடிப் பிடித்து அடிக்கும் ஒற்றை விரலை நல்லமுத்து மடக்கிக்கொண்டார். ஜெரோமி அதைத் திருத்தித் தேடினான். அப்போதும் வரன் இல்லை.

"இது தப்புதான். ஆனா இது மட்டும்னா ரோகிணிக்காரங்க மட்டுந்தான் காணாமப் போயிருக்கணும். இங்க ஊரே காணோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நட்சத்திரப் பட்டியலையே எடுத்துவிட்டுத் தேடினான். இல்லை. ஊர்ப் பட்டியலையும் எடுத்துவிட்டுத் தேடினான். இல்லை. தாடையைச் சொறிந்தான். "மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். கல்யாணம் முடிஞ்சவங்கள விட்டுட்டுத் தேடுன்னு ஒரு வரி எழுதிருக்கேன். அதையும் எடுத்துப் பாக்குறேன்."

எடுத்தான். அமுக்கினான். திரை முழுக்க ஆண்கள். வாத்தியார்கள், டிரைவர்கள், கிளார்க்குகள், கட்டாரிலிருந்து லீவில் வந்தவர்கள். மேலே தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருந்தார்கள்.

நல்லமுத்துவுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. பேசமாட்டேன் என்றவர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்ணில் பட்ட முதல் நல்ல முகம், பிரதாப், ஹட்டன், வங்கி வேலை. பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"வீரய்யா! கெடச்சிருச்சு! பேங்க் மாப்பிள்ள! நம்பர எழுதிக்க!"

"ஐயா, பொறுங்க, அது வெறும் சோதனைக்கு..." என்று ஜெரோமி எழுந்தான். பெரட்டுத் தொண்டைக்கு முன்னால் அவன் குரல் எடுபடவில்லை. நம்பர் பஜார் முழுக்கக் கேட்டது. வேறு யாரெல்லாம் எழுதிக்கொண்டார்களோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் படி அதிர வீரய்யா ஏறி வந்தார். கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"என்னாங்க கண்டாக்கய்யா இது! போன எடுத்தது அவரு சம்சாரங்க! புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்திச்சாம். ஜாதகம் பொருந்துதான்னு கேட்டேன். அந்தப் புள்ள கேட்ட கேள்விய எம் பொண்டாட்டிகூட என்னைய கேட்டதில்ல!"

நல்லமுத்துவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பிரதாப். போன வருசம் தையில் அவரே முடித்துவைத்த கல்யாணம். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயாசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர் அவர்தான். மானம் கப்பலேறிவிட்டது என்று நாற்காலியில் சரிந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றான் ஜெரோமி. ஆனால் அவன் குரலில் சந்தோசம் இல்லை.

திரையில் 'முடிந்தவை' பட்டியல் திறந்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. கடைசி வரியில் பெண் லோஜினி. மாப்பிள்ளை இடம் காலி.

ராசம்மா அந்த வரியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். ஜெரோமி திரையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. தான் இருக்க வேண்டிய இடம் துடைத்துப்போட்ட தட்டாகக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வலிக்காது. அவனுக்கும் வலித்தது.

"இப்பிடிக் காலியா இருக்கிறதுக்கு நல்னு பேரு" என்றான் கடைசியில்.

"நல்லா? எம் பேரையா சொல்றான்?" என்று நல்லமுத்து சீறினார்.

"ஒங்க பேரு இல்லீங்கய்யா. கம்ப்யூட்டர் பாஷையில நல்னா 'யாருன்னு தெரியாது'ன்னு அர்த்தம். இல்லன்னு அர்த்தம் இல்ல. ஒருத்தரு இருக்காரு, ஆனா யாருன்னு தெரியாது."

"தெரியாட்டி அந்த ஒருத்தன விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? ஊர்ல உள்ளவன எல்லாம் ஏன் மறைக்கணும்?" நேராகவே கேட்டுவிட்டார். ராசம்மா மெல்ல நடுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

ஜெரோமி யோசித்தான். "ஐயா, பெரட்டுல நிக்கிறீங்கன்னு வச்சுக்கங்க. வேலைக்கு வந்தவங்க பேரெல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு ஆளு மட்டும் முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிது. யாருன்னு தெரியல. இப்ப தொரை வந்து, 'வேலைக்கு வராதவங்க பேர உறுதியா சொல்லு'ங்கிறாரு. வீராயி வரலன்னு சொல்வீங்களா?"

"எப்பிடிச் சொல்றது? முக்காட்டுக்குள்ள இருக்கிறது வீராயியா இருந்தா?"

"சரி, காமாட்சி வரலன்னு சொல்வீங்களா?"

"அது காமாட்சியாவும் இருக்கலாமே... யாரையும் சொல்ல முடியாது" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பெரட்டு என்றதும் மண்டைக்குள் விளக்கு எரிந்துவிட்டது.

"கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லுது. இந்தப் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ள இருக்காரு, யாருன்னு நீங்க சொல்லல. அதனால ஒவ்வொரு பையனா பாத்து, 'இவரு அந்த வீட்டு மருமகனா இருந்தா என்ன செய்யிறது'ன்னு பயந்து ஒதுக்கி வைக்கிது. நீங்க பேரச் சொல்ற வரைக்கும் மலையகத்துல உள்ள அத்தன பையனும் ஒங்க மருமகனா இருக்கலாம்."

வீரய்யா வாயைப் பிளந்தார். லோஜினி யாரையோ கட்டிக்கொண்டு போன கதை உடப்புசல்லாவை வரைக்கும் எட்டியிருந்தது. மாப்பிள்ளை யார் என்பது மட்டும் எட்டவில்லை. "அம்மாடி! எங்க வீட்டுக் கல்யாணம் நின்னது ஒங்க வீட்டுக் கோவத்துலயாங்க?"

"தப்பு என்னோடதுதாங்க" என்று ஜெரோமி அவசரமாகச் சொன்னான். "அந்த எடத்தக் காலியா விட முடியாதபடி எழுதிருக்கணும். மாப்பிள்ள பேரு எழுதாம ஒரு அப்பா மகள் கல்யாணத்தப் பதிவாருன்னு நா நெனைக்கல."

அந்த வார்த்தை நல்லமுத்துவுக்கு நெஞ்சில் தைத்தது. அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் தைத்தது.

"ஐயா ஒண்ணும் எழுத வேணாம். காலியா உள்ள வரியக் கணக்கெடுக்காதன்னு நானே ஒரு வார்த்த சேர்த்திடுறேன். அந்த வரி அப்பிடியே இருக்கட்டும்." தட்டினான். எடுத்துவிட்ட நட்சத்திரங்களையும் ஊர்களையும் திரும்பச் சேர்த்தான். அமுக்கினான். இப்போது அளவோடு ஒரு பட்டியல் வந்தது, எல்லோரும் கல்யாணமாகாதவர்கள். "சரியாயிருச்சு. நா வர்றேங்கய்யா" என்று பையைத் தோளில் மாட்டினான்.

போகட்டும். நல்லமுத்துவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெயரும் சொல்லவில்லை, தொழிலும் பிழைத்தது. நியாயமாகப் பார்த்தால் அவருக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அவன் சப்பாத்துக்குக் கயிறு கட்டுவதைப் பார்த்தபோது ஏனோ வரவில்லை.

வீரய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் மேல் கவிழ்ந்திருந்தார். "கண்டாக்கய்யா! மொத எடத்துல நிக்கிற பையன் யாருங்க? மொகம் லட்சணமா இருக்கு. ரோகிணி நட்சத்திரம், எம் மகளுக்கு அப்பிடியே பொருந்துது. கம்ப்யூட்டர் வேலை. வட்டகொடை."

நல்லமுத்து எட்டிப் பார்த்தார். பட்டியலின் தலையில் ஜெரோமியின் படம், இஸ்திரி போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"அது... புரோகிராம் எழுதுறப்ப சோதனைக்கு என் பேரப் போட்டேன்" என்று வாசலில் இருந்தவன் திக்கினான். "எங்களுக்கு நட்சத்திரமெல்லாம் இல்லீங்க. லோஜினிதான் ரோகிணின்னு போடச் சொன்னா."

ஏன் சொன்னாள் என்று நல்லமுத்துவுக்குப் புரிந்தது. மகள் நட்சத்திரத்துக்கு எது எது பொருந்தும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

வீரய்யா படத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். குல்லாவைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். "ஏந் தம்பி, இது நீங்கதானே! அட, கையோடயே இருக்காரு! நட்சத்திரம் இல்லாட்டி என்னா, எம் மகளுக்கு வயசு ஏறுது. முடிஞ்சவங்க பட்டியல்லயும் இல்ல. பேசி முடிங்கய்யா!" ஜெரோமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கைய விடு வீரய்யா. அது முடிஞ்ச எடம்."

"முடியலன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்களே."

"முடிஞ்சிருச்சுன்னு நா சொல்றேன்!"

"அப்பிடின்னா பொண்ணு யாருங்க? பேங்க்காரர் மாதிரி இதுலயும் என்னைய ஏமாத்தாதீங்க. பொண்ணு பேரச் சொல்லுங்க."

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மருமகனை உடப்புசல்லாவைக்காரர் கொத்திக்கொண்டு போய்விடுவார். அவர் பிடி அப்படி இருந்தது. நல்லமுத்து மனைவியைப் பார்த்தார். ராசம்மா கூரையைப் பார்த்தாள். உதவி செய்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

"எம் மக லோஜினி" என்றார் நல்லமுத்து. தொண்டையைச் செருமினார். "இவரு எங்க வீட்டு மாப்பிள்ள. பேரு ஜெரோமி."

வீரய்யா, சுட்டதைத் தொட்டவர்போல் கையை விட்டார்.

"அப்ப அந்தக் காலி எடத்துல எழுதுங்க" என்றாள் ராசம்மா. "இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தர் வந்து கைய புடிப்பாரு."

நல்லமுத்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டினார். "ஜெ... ரோ... மி" என்று சொல்லிச் சொல்லி அடித்து, சேமி என்பதை அமுக்கினார். சிவப்பு எழுத்து வந்தது: 'இந்தப் பெயரில் மாப்பிள்ளை இல்லை.'

"இல்லியா?" மேசையில் ஓர் அடி. "எவ்வளவு கொழுப்பு! மனுசன் கண்ணு முன்னால நிக்கிறாரு, இல்லங்குது! ஜெரோமி இல்லாம வேற யாரு இவரு?"

"அந்த 'ரோ'ங்க மாமா" என்றான் ஜெரோமி. ஐயா எப்போது மாமா ஆனார் என்பதை அவனும் கவனிக்கவில்லை. "கொம்பையும் காலையும் தனியா அடிச்சிட்டீங்க."

அழித்தார். "ஜெரோமி." மறுபடியும் இல்லை. பழகிய விரல் பழைய வழியிலேயே போனது. வீரய்யா ஒரு பக்கம் 'ரோ, ரோ' என்று தூண்ட, ராசம்மா மறுபக்கம் 'பொறுமையா, பொறுமையா' என்று அடக்க, நல்லமுத்து நெற்றி வியர்க்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே அடித்தார். இத்தனை நாள் சொல்லாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்கிறார் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஒருவழியாக அது ஏறியது.

மறுபடி தேடினார்கள். அதே பட்டியல், அதே பையன்கள். நல்லமுத்து மேலிருந்து கீழே பார்த்தார். முகம் சுருங்கியது.

"எல்லாரும் இருக்காங்க. நம்ம ஜெரோமியக் காணோமே?"

"நாந்தான் முடிஞ்சவனாச்சே மாமா."

ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீரய்யாவுக்கு இரண்டாமிடத்தில் இருந்த உடப்புசல்லாவை வாத்தியாரே பிடித்துப்போய்விட்டது. இந்த முறை மனைவி இருக்கிறாளா என்று தரகரையே முதலில் போன் பண்ணி விசாரிக்கச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு படிவரை போனவர் திரும்பினார்.

"அய்யா, கீழ வடைக் கடையில உள்ளுக்க ஒரு பொண்ணு ஒக்காந்திருக்குதுங்க. மேல சத்தம் கேட்டா போதும், 'அப்பா அடிக்கிறாரா, அப்பா அடிக்கிறாரா'ன்னு என்னையவே போட்டு உயிர எடுத்திச்சு. அது எந்த அப்பாவச் சொல்லுதுன்னு இப்பத்தான் வெளங்குது."

நல்லமுத்து ஜெரோமியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மழை முகத்தில் அடித்தது. கீழே குடைகளும் பஸ் ஹாரனும் வியாபாரச் சத்தமும். இந்தப் பெயருக்குப் பதில் வராமல் போனால் என்ன செய்வது என்று அவருக்குப் பயமாக இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பெரட்டில் கூப்பிடுகிற அதே குரல்.

"லோஜினி!"

பஜார் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. வடைக் கடைக்குள் ஏதோ ஒரு நாற்காலி கவிழ்ந்து விழுந்தது.

"வந்திருக்கேன்ப்பா!"